மனப்பாடச் சொல் மறையும். பழகிய சொல் படி அளக்கும்!

அம்பத்தூர் தொழிற்பேட்டை. பகல் ஷிப்ட் முடிந்த நேரம். தேநீர்க் கடையில் கூட்டம். என்னைக் கண்டதும் ஒரு தோழர் ஓடி வந்தார். லேத் பட்டறையில் டர்னர். கையில் எண்ணெய்க் கறை, சட்டைப் பையில் அன்று வாங்கிய சம்பளச் சீட்டு, விரலைப் பிடித்தபடி அவருடைய மகன். அரசுப் பள்ளியில் நான்காம் வகுப்பு.

"வணக்கம்ண்ணே! பையன் இங்கிலீஷ்ல பிச்சு உதறுறான்ண்ணே. கொஞ்சம் கேளுங்களேன்!"

கேட்டேன். பையன் நிமிர்ந்து நின்றான். ஏ ஃபார் ஆப்பிள் என்று தொடங்கினான். ஐ ஃபார் இக்ளூ என்றான். எக்ஸ் ஃபார் சைலஃபோன் என்றான். ஒய் ஃபார் யாக், இசட் ஃபார் ஜீப்ரா என்று முடித்தான். மூச்சு விடவில்லை! கடையிலிருந்தவர்கள் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். தகப்பன் முகத்தில் ஆயிரம் விளக்கு எரிந்தது.

பிறகு கேட்டேன்: "தம்பி, உங்க அப்பா என்ன வேலை செய்றாருன்னு இங்கிலீஷ்ல சொல்லு பார்ப்போம்."

பையன் அப்பாவைப் பார்த்தான். அப்பா தேநீர்க் குவளையைப் பார்த்தார். பதில் வரவில்லை.

தோழர்களே! இக்ளூ என்பது பனிக்கட்டியால் கட்டிய வீடு. அதைப் பையன் பார்த்ததில்லை, பெற்றவர் பார்த்ததில்லை, பாடம் சொன்னவரும் பார்த்திருக்க மாட்டார். யாக் என்பது இமயமலைப் பக்கத்து எருது. சைலஃபோன் என்பது கோலால் தட்டி வாசிக்கும் இசைக்கருவி. இவை அத்தனையும் பையனுக்குத் தெரிகிறது. ஆனால், 'டர்னர்' என்ற சொல், அவன் வீட்டில் உலை கொதிக்க வைக்கும் சொல், தகப்பன் தினம் நூறு முறை உச்சரிக்கும் சொல், அதுவும் ஓர் ஆங்கிலச் சொல்தான் என்று அவனுக்குத் தெரியவில்லை!

குற்றம் பையன் மீதா? இல்லை. தகப்பன் மீதா? இல்லவே இல்லை. சொல்லைச் சேர்க்கும் முறையில் குற்றம். அந்த முறையைப் பற்றித்தான் இன்று பேச வேண்டும்.

ஆங்கிலத்துக்கு ஏன் இந்த அக்கறை?

"தமிழ், தமிழ் என்று முழங்கும் நீங்களா ஆங்கிலத்துக்கு வக்காலத்து வாங்குவது?" என்று கேலி பேசுவோர் உண்டு. அவர்களுக்கு ஒரு வார்த்தை.

தமிழ் நமக்கு உயிர். ஆங்கிலம் நமக்குக் கருவி. உயிரை இழந்து கருவியைப் பெற்றுப் பயனில்லை. உயிரோடு இருப்பவன் கருவியைத் தூர எறியவும் தேவையில்லை. இந்தத் தெளிவோடுதான் இந்த மண் போராடியது. 1939 இல் சிறைப்பட்ட நடராசனும் தாளமுத்துவும் உயிரைத் தந்தார்கள். 1965 இல் மாணவர்கள் வீதிக்கு வந்தார்கள். அந்தப் போராட்டங்களின் விளைச்சலாக, அண்ணா முதலமைச்சராக இருந்தபோது, 1968 ஜனவரி 23 அன்று சட்டமன்றத்தில் இருமொழிக் கொள்கைத் தீர்மானம் நிறைவேறியது. தமிழும் ஆங்கிலமும் போதும். மூன்றாவது மொழியை எவரும் நம் பிள்ளைகள் தலையில் கட்டக்கூடாது என்பது முடிவு.

சரி, கதவைத் திறந்து வைத்தோம். உள்ளே நுழைய வேண்டாமா?

1835 இல் மெக்காலே ஒரு குறிப்பு எழுதினார். ஆள்வோருக்கும் ஆளப்படும் கோடிக்கணக்கான மக்களுக்கும் இடையே மொழிபெயர்த்துச் சொல்ல ஒரு சிறு வகுப்பாரை உருவாக்குவது அவர் எண்ணம். ஆம், ஒரு சிறு வகுப்பார்! அந்தச் சிறு வகுப்பாருக்குள் உழவன் மகன் இருந்தானா? நெசவாளி மகள் இருந்தாளா? ஆங்கிலம் சிலரின் வீட்டு முற்றத்தில் செடியாக வளர்ந்தது. பலரின் தெருவில் வேலியாக நின்றது. காஞ்சிபுரத்து நெசவாளர் குடும்பத்தில் பிறந்த அண்ணா, அந்த வேலியைத் தாண்டினார். 1968 இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் சப் ஃபெல்லோவாகச் சிறப்பிக்கப்பட்டார். ஓர் அண்ணா தாண்டியது வரலாறு. ஊரே தாண்ட வேண்டும் என்பதுதான் நம் வேலை. அதற்கு வேண்டிய ஏணியின் படிகள் சொற்கள்.

இடையில் நின்றவன் கையில் என்ன?

தோழர்கள் பலரும் காப்பீட்டுப் பத்திரம் எடுத்திருப்பீர்கள். முழுக் காலமும் பணம் கட்ட முடியாமல் நடுவில் முறித்துக் கொண்டால், கையில் ஒரு தொகை தருவார்கள். 'சரண்டர் வேல்யூ' என்போம். முழுத் தொகை இல்லைதான்; ஆனாலும் வெறுங்கை இல்லை.

இந்தச் சொல்லை மொழிப் பாடத்துக்குக் கொண்டு வந்தவர் ஒருவர் உண்டு. மைக்கேல் வெஸ்ட் என்பது பெயர். வெள்ளைக்காரர் ஆட்சியின் கல்வித் துறையில் பணிபுரிந்தவர். வங்காளத்தில் டாக்கா நகரின் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்குத் தலைமை தாங்கியவர். சொன்னவர் யார் என்பதைவிடச் சொன்னதில் உண்மை உண்டா என்று பார்ப்பதுதானே பகுத்தறிவு? பார்ப்போம்.

வங்காளப் பிள்ளைகளை அவர் கூர்ந்து கவனித்தார். பெரும்பாலோர் படிப்பை முடிப்பதில்லை. பாதியில் நின்று விடுகிறார்கள். பாடமோ, கடைசி வகுப்புவரை வந்தவனுக்குத்தான் பயன் தரும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. நடுவில் நின்றவனுக்கு என்ன மிச்சம்? சில இலக்கண விதிகள், பொருள் புரியாத சில பாட்டுகள், பேசவும் வராது, படிக்கவும் வராது. வெறுங்கை! ஆகவே அவர் 1926 இல் எழுதிய நூலில் கேட்டார்: எந்த நாளில் பிள்ளை பள்ளியை விட்டு நின்றாலும், அன்றுவரை படித்ததற்கு ஒரு 'சரண்டர் வேல்யூ' வேண்டாமா?

என்ன கேள்வி பாருங்கள்! மாளிகையில் இருப்பவன் கேட்க வேண்டிய தேவையே இல்லாத கேள்வி. அவன் பிள்ளை இடையில் நிற்கப் போவதில்லை. குடிசையில் இருப்பவனின் கேள்வி இது. தகப்பனுக்கு விபத்து நேர்ந்தது, பட்டறை மூடியது, தாய் படுத்துவிட்டாள் என்றால் பையன் புத்தகப் பையை ஆணியில் மாட்டுகிறான். அந்த நாளில் அவன் கையில் இக்ளூவும் யாக்கும் மட்டும் இருந்தால் போதுமா?

பிள்ளைக்கு ஆங்கிலச் சொல் கற்றுத் தரும்போது நமக்கு ஒரே அளவுகோல் இருக்கட்டும்: நாளைக்கே படிப்பு நின்றாலும் இந்தச் சொல் அவனுக்கு உதவுமா?

எந்தச் சொல் முதலில்?

ஆங்கிலம் கடல். 1989 இல் வெளிவந்த ஆக்ஸ்போர்டு பேரகராதியின் இரண்டாம் பதிப்பு 20 தொகுதிகள். கேட்டாலே தலை சுற்றும். ஆனால் அஞ்ச வேண்டாம். கடல் முழுவதையும் குடித்தவன் எவனும் இல்லை.

1953 இல் அதே வெஸ்ட் ஒரு பட்டியல் வெளியிட்டார். எங்கும் அடிக்கடி வரும் சொற்களாகப் பார்த்து ஏறத்தாழ 2,000 தலைச்சொற்களைத் தொகுத்தார். சாதாரணமாக எழுதப்படும் ஆங்கிலத்தில், நூறு சொல்லுக்கு ஏறத்தாழ 80 சொல் அந்தப் பட்டியலுக்குள் அடங்கிவிடும்! மீதி 20 முக்கியமில்லை என்று சொல்லவில்லை. அவற்றை எட்டிப் பிடிக்க முதலில் இந்த 80 இன் தோள்மீது ஏறி நிற்க வேண்டும் என்கிறேன்.

கணக்குப் போடுங்கள். நாளைக்கு 3 சொல். பள்ளி நாள் 200 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 600. மூன்றாம் வகுப்பில் தொடங்கினால் ஆறாம் வகுப்பு முடியும்போது 2,400. நாலில் ஒன்று மறந்து போனாலும் 1,800 கையில் நிற்கும்! நாளைக்கு இருபது சொல்லை வாயில் திணித்து, வாரக் கடைசியில் இருபதையும் துப்புவதைவிட இது மேலல்லவா?

வெஸ்டுக்கு முன்பே ஆக்டன் என்ற ஆங்கிலேயர் 1930 இல் 850 சொற்களே போதும் என்றார். அதில் வினைச்சொற்கள் 18 தான்! படிக்க இனிக்கிறது. ஆனால் உள்ளே ஒரு சூட்சுமம். வினைச்சொற்களைக் குறைத்துவிட்டதால், 'கெட்', 'புட்', 'டேக்' போன்ற சின்னச் சொற்களின் தலையில் பெரிய மூட்டையை ஏற்ற வேண்டி வந்தது. 'கெட் அப்' என்றால் எழு; 'கெட் ஆன்' என்றால் ஏறு; 'கெட் ஆஃப்' என்றால் இறங்கு. எண்ணிக்கையில் சொல் ஒன்று. கற்க வேண்டியவை மூன்று! ஆகவே எத்தனை சொல் தெரியும் என்று மட்டும் கேட்டுப் பயனில்லை. அந்தச் சொல்லை வைத்து எத்தனை வேலை செய்யத் தெரியும் என்று கேட்க வேண்டும்.

பட்டறையே பள்ளிக்கூடம்

"எனக்கு இங்கிலீஷ் தெரியாதுண்ணே, நான் எப்படிப் பையனுக்குச் சொல்லித் தருவேன்?" என்று கேட்கும் தோழரே, கொஞ்சம் நில்லுங்கள். உமக்கா தெரியாது?

ஷிப்ட், ஓவர்டைம், போனஸ், லீவ், கேட், ஸ்டிரைக், லாக்அவுட், மோட்டார், பம்ப், ஸ்பேனர், போல்ட், நட், பிரேக், டிக்கெட், சிக்னல், லோடு, பார்சல்... காலை முதல் இரவுவரை உமது நாவில் புரளும் இவை எந்த நாட்டுச் சொற்கள்? நீர் ஆங்கிலத்தின் வாசலில் நிற்கவில்லை, தோழரே! கூடத்தில் உட்கார்ந்திருக்கிறீர். விளக்கைப் போட்டுக் காட்ட ஆள் இல்லை, அவ்வளவுதான்.

விளக்கைப் போடுவோம். 'டர்ன்' என்றால் திருப்பு, சுழற்று. சுழலும் இரும்பைக் கடைபவர் 'டர்னர்'. 'வெல்ட்' என்றால் பற்றவை; பற்றவைப்பவர் 'வெல்டர்'. 'ஃபிட்' என்றால் பொருத்து, பொருத்துபவர் 'ஃபிட்டர்'. 'பெயின்ட்' அடிப்பவர் 'பெயின்டர்'. பஞ்சாலையில் 'ஸ்பின்' செய்பவர் 'ஸ்பின்னர்'. தமிழில் உழைப்பு என்பதோடு ஆளி சேர்ந்து உழைப்பாளி ஆவதுபோல, ஆங்கிலத்தில் வினையோடு ஈ, ஆர் என்ற இரண்டு எழுத்துச் சேர்ந்து செய்பவரின் பெயர் ஆகிறது. இந்த ஒரு சாவியைப் பையன் கையில் கொடுங்கள். 'டீச்' தெரிந்தவன் 'டீச்சரை'த் திறப்பான். 'ரீட்' தெரிந்தவன் 'ரீடரை'த் திறப்பான். 'ரைட்' தெரிந்தவன் 'ரைட்டரை'த் திறப்பான்!

அடுத்து 'மேன்'. போஸ்ட்மேன், லைன்மேன், வாட்ச்மேன், ஃபயர்மேன், ஃபோர்மேன். 'போஸ்ட்' என்றால் தபால். 'லைன்' என்றால் கம்பி. 'வாட்ச்' என்றால் கண்காணிப்பு. 'ஃபயர்' என்றால் தீ. ஐந்து ஆட்களை அழைத்தால் கூடவே புதுச் சொற்களும் வந்து நிற்கின்றன.

அடுத்து 'ஓவர்'. மிகுதி என்று ஒரு பொருள், மேலே என்று ஒரு பொருள். ஓவர்டைம் என்பது நேரத்துக்கு மிஞ்சிய நேரம். ஓவர்லோடு என்பது அளவுக்கு மிஞ்சிய பாரம். ஓவர்பிரிட்ஜ் என்பது மேலே செல்லும் பாலம். 'லெஸ்' என்று வால் வந்தால் இல்லாதது. வயர் இல்லாதது வயர்லெஸ். வீடு இல்லாதவர் ஹோம்லெஸ். வேலை இல்லாதவர் ஜாப்லெஸ். 'அன்' என்று தலை வந்தால் மறுப்பு. 'ஃபேர்' என்றால் நியாயம். 'அன்ஃபேர்' என்றால் அநியாயம். 'பெய்ட்' என்றால் கொடுத்தாயிற்று; 'அன்பெய்ட்' என்றால் கொடுக்கவில்லை. பாட்டாளி வீட்டுப் பிள்ளை இந்தக் கடைசி இரண்டையும் நன்றாகத் தெரிந்துகொள்வது அவசியம்!

ஒரு சொல்லுக்கு எத்தனை முகம்!

'சார்ஜ்' என்ற சொல்லை எடுங்கள். பஸ் சார்ஜ் என்றால் கட்டணம். போன் சார்ஜ் என்றால் மின்சாரம் ஏற்றுவது. இன்சார்ஜ் என்றால் பொறுப்பாளர். சார்ஜ் ஷீட் என்றால் குற்றப் பத்திரிகை. லத்தி சார்ஜ்... அதைக் கழகத் தோழர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, முதுகே சொல்லும்! ஒரே சொல்லின் ஐந்து முகங்கள். ஐந்தும் நமக்கு ஏற்கனவே தெரிந்தவை. பிள்ளையிடம் ஐந்தையும் ஒன்றாக வைத்துக் காட்டினால், சொல்லுக்கு ஒரே பொருள் என்ற மயக்கம் அன்றே தீரும்.

'ரன்' என்றால் ஓடு. இயந்திரமும் ஓடுகிறது, தமிழிலும் அப்படித்தான் சொல்கிறோம். ஆனால் ஆங்கிலத்தில் கடையையும் 'ரன்' செய்வார்கள். நாம் கடையை ஓட்டுவதும் உண்டு, நடத்துவதும் உண்டு. எங்கே இரு மொழியும் சேர்ந்து நடக்கின்றன, எங்கே பிரிகின்றன என்று பார்க்கப் பழகியவனுக்குத் தமிழும் கூர்மையாகும், ஆங்கிலமும் கூர்மையாகும். ஆகவே தாய்மொழியில் பொருள் சொல்லித் தருவதை இழிவென்று நினைக்காதீர்கள். தெரிந்த சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் தெரியாத சொல்லுக்கு நடக்க முடியும்.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். நம் நாவில் இருக்கும் ஆங்கிலம் எல்லாமே உலகெங்கும் செல்லும் நாணயமில்லை. லாரித் தோழர்கள் மாற்றுச் சக்கரத்தை 'ஸ்டெப்னி' என்பார்கள். அது வேல்ஸ் நாட்டு லனெத்லி என்ற ஊரில் உள்ள ஒரு தெருவின் பெயர்! அங்கே தொடங்கிய சக்கரக் கம்பெனி அந்தப் பெயரை வைத்தது. பெயர் கப்பலேறி இங்கே வந்து தங்கிவிட்டது. இங்கிலாந்துக்காரரிடம் 'ஸ்டெப்னி' என்றால் விழிப்பார். 'ஸ்பேர் வீல்' என்றால் எடுத்துக் கொடுப்பார். இரண்டையும் பிள்ளைக்குச் சொல்லுங்கள்.

நம்மிடம் கடன் வாங்கியவர்கள்

ஆங்கிலத்தின் முன் கூனிக் குறுக வேண்டாம், தம்பி! அந்த மொழி நம் வீட்டில் கடன் வாங்கியிருக்கிறது. நம் மீனவர் கட்டிய கட்டுமரம் அங்கே 'கேட்டமரான்' ஆனது. நம் சுருட்டு 'செரூட்' ஆனது. நம் வீட்டு மிளகுத் தண்ணீர் 'மல்லிகடானி' என்ற பெயரில் அவர்கள் விருந்தில் சூப்பானது. குருந்தம் என்ற கல் 'கொரண்டம்' ஆனது. சாணைக்கல்லில் வேலை செய்யும் தோழருக்கு அந்தக் கல்லைத் தெரியும். இந்தச் சொற்களைச் சொல்லிப் பாடத்தைத் தொடங்குங்கள். பிள்ளையின் முகத்தில் பயம் போய்ப் பெருமை வரும்.

ஆனால் பெருமையோடு ஒரு வேதனையும் இருக்கிறது. மறைக்காமல் சொல்ல வேண்டும். பறை முழக்கிய மக்களின் பெயரையும் ஆங்கிலம் எடுத்துக்கொண்டது. 'பரையா' என்று சொல்லி, ஊரால் விலக்கப்பட்டவன், ஒதுக்கத் தக்கவன் என்று பொருள் வைத்தது. இங்கே இருந்த சாதி இழிவு கப்பலேறிப் போய் அகராதியில் குடியேறிவிட்டது! நம் பிள்ளை அந்தச் சொல்லைத் தெரிந்துகொள்ளட்டும். அது எப்படி வந்தது என்று தெரிந்துகொள்ளட்டும். தன் வாயால் சொல்ல மறுக்கட்டும். சொல்லைக் கற்பது என்றால் கிளிபோல ஒப்பிப்பது இல்லை. எந்தச் சொல்லுக்குப் பின்னால் யாருடைய கண்ணீர் இருக்கிறது என்று அறிவதும் கல்விதான்.

சிரிக்காதீர்கள்!

இன்னொன்று. பிள்ளை 'இஸ்கூல்' என்பான். உடனே சிலர் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு அவன் வாயைப் பூட்டிவிடும். பிறகு பத்தாண்டு படித்தாலும் அந்தப் பூட்டு திறப்பது கடினம்.

அவன் செய்தது என்ன? மெய்யோடு மெய் மோதும் ஒலியில் தமிழ்ச் சொல் தொடங்காது. அதனால் முன்னே ஓர் உயிரைத் துணைக்கு வைத்துக்கொண்டான். ஸ்பெயின்காரர்கள் பள்ளிக்கூடத்தை 'எஸ்குவேலா' என்கிறார்கள். அவர்கள் நாவும் அதே வேலையைத்தான் செய்தது. அவர்களைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. நம் பையனைப் பார்த்து மட்டும் ஏன் சிரிப்பு? சிரிக்காமல் 'ஸ்ஸ்ஸ்' என்று பாம்புபோல் சீறச் சொல்லி, அதன் பின் 'கூல்' சேர்க்கச் சொல்லுங்கள். விளையாட்டாக வந்துவிடும். எழுத்திலும் அப்படியே. 'நைஃப்' என்று சொல்லிவிட்டு முன்னால் ஒரு 'கே' எழுத்தைச் சும்மா நிறுத்தி வைத்திருப்பது ஆங்கிலத்தின் கோணல்; பையனின் மந்தமில்லை.

மறதியை மடக்கும் பெட்டி

"சொல்லித் தருகிறோம், மறந்து விடுகிறானே?" இதுதான் அடுத்த கேள்வி.

மறதி எல்லார்க்கும் பொது. ஜெர்மனியின் எபிங்ஹவுஸ் என்ற அறிஞர் பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, தம்மையே சோதித்து, 1885 இல் முடிவுகளை நூலாக வெளியிட்டார். கற்றதில் பெரும் பகுதி தொடக்க நேரத்திலேயே வேகமாக மறந்து போகிறது. பின்னர் மறதியின் வேகம் குறைகிறது. விட்டுவிட்டுத் திரும்பப் படித்தால் நினைவு உறுதிப்படுகிறது. ஒரே நாளில் முப்பது முறை எழுதச் சொல்லித் தண்டிப்பதைவிட, பல நாட்களில் பரப்பிப் படிப்பது நல்லது என்பதற்கு அறிவியல் அன்றே அடித்தளம் போட்டது.

இதை எளிய கருவியாக்கியவர் லைட்னர். 1972 இல் எழுதிய நூலில் அட்டைப் பெட்டி முறையை விளக்கினார். செலவில்லாத முறை. பழைய செருப்புப் பெட்டி ஒன்று. அதில் மூன்று அறை. கிழித்த நாட்காட்டித் தாளைச் சிறு சீட்டுகளாக வெட்டுங்கள். சீட்டின் ஒரு பக்கம் ஆங்கிலச் சொல்லும், அதை வைத்து ஒரு சிறு வாக்கியமும். மறு பக்கம் தமிழ்ப் பொருள். புதுச் சீட்டு முதல் அறையில் போகும். அதைத் தினமும் எடுத்துக் கேளுங்கள். சரியாகச் சொன்னால் இரண்டாம் அறை. அதை மூன்று நாளுக்கு ஒரு முறை கேளுங்கள். அங்கும் சொன்னால் மூன்றாம் அறை. வாரம் ஒரு முறை. எந்த அறையில் தவறினாலும் சீட்டு மறுபடி முதல் அறைக்கு.

இதில் தகப்பனுக்கு ஆங்கிலம் தெரிய வேண்டிய தேவையே இல்லை, கவனித்தீர்களா? தமிழ்ப் பக்கத்தை அவர் படிப்பார். ஆங்கிலத்தைப் பையன் சொல்வான். சீட்டைத் திருப்பினால் விடை. எழுதப் படிக்கத் தெரியாத தாயானாலும், "இதுக்கு அர்த்தம் என்னடா கண்ணு?" என்று கேட்கலாம். பிள்ளை தாய்க்குச் சொல்லித் தரட்டும். பிறருக்குச் சொல்லித் தந்த சொல் தன் நெஞ்சில் ஆணியடித்து நிற்கும். இரவில் பத்து நிமிடம் போதும்.

சீட்டு மட்டும் போதுமா? போதாது. சீட்டில் கண்ட சொல்லைக் கதையில் காண வேண்டும். வெஸ்ட் 1920களில் வாசிப்பு நூல்கள் தயாரித்தபோது, ஒவ்வொரு பக்கத்திலும் புதுச் சொல்லைக் கொட்டக்கூடாது என்றார். தெரிந்த சொற்களின் நடுவே அங்கொன்று இங்கொன்றாகப் புதியது வரவேண்டும், வந்த சொல் மறுபடி மறுபடி தலைகாட்ட வேண்டும் என்றார். பிள்ளைக்குக் கதைப் புத்தகம் தேர்ந்தெடுக்கும்போது இதுவே அளவுகோல். ஒரு பக்கத்தில் பத்துச் சொல் தெரியவில்லையா? மூடி வையுங்கள், இன்னும் எளிய புத்தகம் எடுங்கள். இரண்டு மூன்றுதான் தெரியவில்லையா? அந்தப் புத்தகம் அவனுக்குத்தான்.

படிப்பகங்களே, விழித்தெழுங்கள்!

இறுதியாகக் கழகத் தோழர்களுக்கு. தேநீர்க் கடையிலும் முடிதிருத்தகத்திலும் ஒருவர் உரக்கப் படிக்க, பத்துப் பேர் சுற்றி நின்று கேட்டு அரசியல் கற்ற இயக்கம் இது. படிப்பகம் நாம் பிறந்த தொட்டில். அந்தப் படிப்பகத்தில் இன்று மாலையில் என்ன நடக்கிறது என்று ஒவ்வொரு கிளையும் தன்னைக் கேட்டுக்கொள்ளட்டும்.

அரசு தன் கடமையைச் செய்கிறது. 2022 இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் ஒன்று முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளுக்குத் தமிழும் ஆங்கிலமும் கணக்கும் அடிப்படையாகக் கிடைக்க வழி செய்தது. 1948 இல் வந்த பொது நூலகச் சட்டத்தின்படி சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்து வசூலிக்கப்படுகிறது. நூலகம் நம் பணத்தில் நிற்கும் நம் சொத்து. ஆனால் அரசு பள்ளி கட்டலாம். இரவில் உங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார முடியாது. அது நம் வேலை.

ஆகவே ஒவ்வொரு படிப்பகத்திலும் மாலை அரைமணி நேரம் பிள்ளைகளுக்கென்று ஒதுக்குங்கள். கல்லூரியில் படிக்கும் தம்பி தங்கையரில் ஒருவர் வரட்டும். ஒரு நாள் தச்சுத் தோழர் தம் கருவிகளைக் கொண்டு வந்து பெயர் சொல்லட்டும். மறுநாள் செவிலியர் சகோதரி மருந்துச் சீட்டில் உள்ள சொற்களைச் சொல்லட்டும். அடுத்த நாள் ஓட்டுநர் தோழர் சாலைப் பலகைகளைச் சொல்லட்டும். நாளைக்கு 3 சொல். மூன்றையும் தமிழில் விளக்கி, மூன்றையும் வாக்கியத்தில் வைத்து, மூன்றையும் பிள்ளையின் வாயிலிருந்து வரவழைத்து அனுப்புங்கள். வாரம் ஒரு நாள் எல்லாரும் சேர்ந்து நூலகம் போங்கள். பெண் பிள்ளைகள் வந்தார்களா என்று முதலில் எண்ணிப் பாருங்கள். அடுப்படி வேலை சொல்லி அவளை நிறுத்தி வைத்த வீட்டுக்கு நேரில் போங்கள்.

போன வாரம் அதே தேநீர்க் கடைக்குப் போனேன். டர்னர் தோழர் இருந்தார், பையனும் இருந்தான். இரண்டு மாதமாகப் பெட்டியும் சீட்டும் வைத்துப் பழகுகிறார்களாம். "கேளுங்கண்ணே" என்று அவர் சொல்லும் முன்பே பையன் சொன்னான்: "மை ஃபாதர் இஸ் எ டர்னர்." இந்த முறை கடையில் யாரும் கை தட்டவில்லை. தகப்பன் மட்டும் தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக் கொண்டார்.

பிறகு பையன் அப்பாவின் சட்டைப் பையிலிருந்து சம்பளச் சீட்டை எடுத்து விரித்தான். எழுத்துக் கூட்டினான். 'டிடக்‌ஷன்' என்ற சொல்லில் விரல் நின்றது. அது அவன் பெட்டியில் ஏற்கனவே இருந்த சொல்.

"பிடித்தம்" என்றான். அடுத்து நிமிர்ந்து கேட்டான்: "அப்பா, இது எதுக்கு இவ்வளவு பிடிச்சிருக்காங்க?"

தோழர்களே! அந்தத் தகப்பன் ஆண்டுக்கணக்கில் வாங்கி மடித்துப் பையில் வைத்த சீட்டு அது. கேட்காத கேள்வியை மகன் கேட்டான். ஒரு சொல் கைக்கு வந்தது. உடனே ஒரு கேள்வி பிறந்தது. கேள்வி கேட்கத் தெரிந்த பிள்ளையை எந்த வேலியும் தடுக்காது.

இன்றிரவே தொடங்குங்கள். மூன்று சீட்டு வெட்டுங்கள். முதல் சீட்டில் உங்கள் தொழிலின் பெயரை எழுதுங்கள்!